ஹார்டுவேர் கடையில் கார் சாவி மெஷின்: 2019 முதல் இன்றுவரை என் அனுபவம்

திருச்செங்கோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். பைப், பெயிண்ட், நட்டு போல்ட், பூட்டு என்று எல்லாக் கடையிலும் இருக்கும் சரக்குதான். 2019-ல் கல்லாவுக்குப் பக்கத்தில் இரண்டடி இடம் ஒதுக்கி சாவி வெட்டும் மெஷின் போட்டேன். கொஞ்ச நாளில் சிப் சாவிக்குக் காப்பி எடுக்கும் கையடக்கக் கருவியும் வந்து சேர்ந்தது. இந்த வேலையைக் கடையில் சேர்க்கலாமா என்று தெரிந்த கடைக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், சாவி போட வருகிறவர்களுக்காகவும் எழுதுகிறேன்.

மெஷின் வாங்கக் காரணம் கார் இல்லை, ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி. எங்கள் ஊர் ரிக் வண்டிகள் வடக்கே கிளம்பினால் திரும்ப மாதக்கணக்காகும். ரிக் லாரி, கூடவே போகும் சப்போர்ட் லாரி, டீசல் டேங்க் பூட்டு, டூல்ஸ் பெட்டி எல்லாவற்றுக்கும் இரண்டு செட் சாவி இல்லாமல் ஓனர்கள் வண்டியை அனுப்ப மாட்டார்கள். பழைய லாரிச் சாவியில் சிப் கிடையாது. பல் சரியாக இருந்தால் வண்டி ஓடும். கை பழகியது அந்தச் சாவிகளில்தான்.

மெஷின் வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒரு பிடியில் பழைய சாவி, இன்னொன்றில் பிளாங்க், அதாவது பல் வெட்டாத வெறும் சாவி. பழைய சாவியின் பல் மேல் ஒரு முனை தடவிக்கொண்டே போக, அதே அளவுக்குப் பக்கத்தில் கட்டர் வெட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் தொடுகிறதா என்று தினமும் காலையில் பார்க்கிறேன். ஒரு மயிரிழை தள்ளியிருந்தாலும் சாவி உள்ளே போகும், திரும்பாது. கட்டர் மழுங்கினால் சத்தம் மாறும், பித்தளைத் தூள் மாவு மாதிரி விழாமல் சிம்பு சிம்பாக விழும். வெட்டி முடித்ததும் பிரஷ்ஷில் பிசிறு எடுக்காமல் யார் கையிலும் கொடுப்பதில்லை. அந்தப் பிசிறு பூட்டுக்குள் போய் உட்கார்ந்தால், ஐம்பது ரூபாய் சாவி பூட்டையே கெடுத்துவிடும்.

கார் சாவியில் நான் செய்த தப்பைச் சொல்லியாக வேண்டும். முதல் வருடம் ஒரு அண்ணன் பத்து வருட பழைய காரின் சாவியைக் கொடுத்தார். வெட்டினேன், கடை வாசலிலேயே கதவைத் திறந்து காட்டினேன், காசு வாங்கிவிட்டேன். ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. அடுத்த வாரம் ஒரிஜினலை வீட்டில் வைத்துவிட்டு, நான் போட்ட சாவியோடு குடும்பத்தை ஏற்றிக் கிளம்பியிருக்கிறார். வீட்டு வாசலிலேயே வண்டி உயிர் வந்து இரண்டு நொடியில் அணைந்திருக்கிறது. மறுபடி, மறுபடி. மீட்டரில் சாவிப் படம் போட்ட விளக்கு மட்டும் மினுக்கியிருக்கிறது. “ஏனுங்க தம்பி, சாவி திரும்புது, வண்டி ஓடவே மாட்டேங்குதுங்களே” என்று போன் செய்தார். கோவிலுக்குப் போக வைத்திருந்த நேரம் வீணாகிவிட்டது. நேரில் போய் மன்னிப்புக் கேட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

காரணம் இம்மொபிலைசர். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் அரிசி அளவில் ஒரு சிப் இருக்கும், அதற்கு பேட்டரி தேவையில்லை. சாவி துவாரத்தைச் சுற்றியுள்ள காயிலிலிருந்து (கம்பிச் சுருள்) மின்சாரம் எடுத்துக்கொண்டு தன் எண்ணைச் சொல்லும். எண் பொருந்தவில்லை என்றால் வண்டியின் கம்ப்யூட்டர் என்ஜினை ஓட விடாது. உங்கள் சாவியில் சிப் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். சாப்பாடு கட்டும் அலுமினியத் தாளை சாவித் தலையில் இறுக்கமாகச் சுற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டாலோ, ஆகி உடனே அணைந்தாலோ சிப் இருக்கிறது. அதன்பின் என் கடையில் சட்டம் ஒன்றுதான்: முதலில் கருவியில் சாவியை வைத்துப் படிப்பது, பிறகுதான் வெட்டுவது.

எனக்கு வந்த கார் சாவிகளில் ‘46’ என்கிற வகை சிப்தான் அதிகம். அதில் இருப்பது ஹிடாக் 2 என்ற மின்னணுப் பூட்டு, 48 பிட் நீள ரகசிய எண்ணில் ஓடுவது. காரின் பக்கம் கேட்டுப் பிடிக்கும் தகவலிலிருந்து அதை ஆறு நிமிடத்துக்குள் உடைக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் 2012-லேயே காட்டிவிட்டார்கள். எங்கள் கருவியும் காரில் சாவி போட்டுத் திருப்பும்போது நடக்கும் பேச்சைப் பிடித்துத்தான் கணக்குப் போடுகிறது. அதனால்தான் “வண்டியையும் கொண்டு வாங்க” என்கிறேன். இப்படி எடுக்கும் காப்பியையும் ஒரிஜினலையும் கார் ஒரே சாவியாகத்தான் பார்க்கும். நாளைக்கு ஒன்று தொலைந்து, காரின் நினைவிலிருந்து அதை அழித்தால் மற்றதும் சேர்ந்து போய்விடும். இதை வாடிக்கையாளரிடம் சொல்லாமல் வேலையைத் தொடங்குவதில்லை. தனி எண்ணோடு சாவி வேண்டுமென்றால் சர்வீஸ் சென்டர்தான் வழி.

ஆறு நிமிட விஷயம் தெரிந்த நாளிலிருந்து ஆர்சி பார்க்காமல் கார் சாவி போடுவதில்லை. ஆர்சி, ஆதார், போன் நம்பர், வண்டி நம்பர் எல்லாம் நோட்டில் ஏறும். வந்தவர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருநாள் இரவு கடை சாத்தும் நேரத்தில் ஒரு பையன் “ஃப்ரெண்டு வண்டிங்கண்ணா, அவசரம், டபுளா தரேன்” என்றான். “ஃப்ரெண்டையே வரச் சொல்லு தம்பி, காலைல எட்டு மணிக்கு போட்டுத் தரேன்” என்றேன். யாரும் வரவில்லை. ஆணி விற்கும்போது எதற்கென்று கேட்பதில்லை. சாவிக்குக் கேட்டே ஆக வேண்டும். இதற்குப் பொறுமையில்லாத கடைக்காரர் கார் சாவிப் பக்கமே வர வேண்டாம், வீட்டுப் பூட்டோடு நின்றுகொள்ளலாம்.

வருமானம்? தினச் செலவுக்கு ஆகிறது. கடையைத் தூக்கி நிறுத்துவது வீட்டுச் சாவியும் பைக் சாவியும்தான். கார் சிப் வேலை வாரத்துக்கு இரண்டு மூன்று வந்தால் அதிகம், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம் தின்னும். அந்த நேரத்தில் பெயிண்ட் கேட்டு வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். கவுண்டரில் இன்னொரு ஆள் இருந்தால்தான் இது கட்டுப்படியாகும்.

வாடிக்கையாளர்களுக்கு இரண்டு விஷயம். தேய்ந்த சாவியைக் காப்பி எடுத்தால் தேய்மானமும் சேர்ந்து காப்பியாகும். முடிந்தவரை ஓட்டாமல் பீரோவில் வைத்திருக்கும் சாவியைக் கொண்டு வாருங்கள். புது வண்டியோடு சாவி நம்பர் போட்ட சின்னத் தகடு கொடுத்திருந்தால் பத்திரமாக வையுங்கள், ஆனால் அதே சாவிக்கொத்தில் மாட்டி வைக்காதீர்கள்.

பட்டன் அமுக்கி ஸ்டார்ட் ஆகும் ஸ்மார்ட் சாவியை நான் தொடுவதில்லை. பக்கவாட்டில் பாம்பு நெளிவது போலப் பள்ளம் வெட்டிய லேசர் சாவிக்கு வேறு மெஷின் வேண்டும், இப்போதைக்கு அதை ஈரோட்டில் ஒரு நண்பர் கடைக்கு அனுப்பி இரண்டு நாளில் வாங்கித் தருகிறேன். அந்த மெஷினுக்கு விலை கேட்டு வைத்திருக்கிறேன். ஆயுத பூஜைக்குள் எடுப்பதாக எண்ணம்.