உள்ளூர் பக்கெட் லிஸ்ட்: கூகுள் மேப்ஸ் போதுமா, ஷீட்ஸ் வேண்டுமா?

வெளியூர்ப் பயணத்துக்குப் போடும் பட்டியல் எப்படியாவது முடிந்துவிடும். திரும்பி வரும் டிக்கெட்டில் தேதி இருக்கிறது, அதற்குள் பார்த்தாக வேண்டும். சொந்த ஊருக்கு அப்படி ஒரு தேதியே கிடையாது. தினமும் கடக்கும் பழைய கட்டடத்துக்குள் ஒருமுறைகூடக் கால் வைக்காமல் முப்பது வருடம் ஓடிவிடும். உள்ளூர் மாடு விலை போகாது என்பது மாட்டுக்கு மட்டும் சொன்னதல்ல.

அதனால் ஊருக்குள்ளேயே முடிக்க நினைக்கும் ஆசைகளின் பட்டியலுக்கு, அதாவது உள்ளூர் பக்கெட் லிஸ்ட்டுக்கு, எந்த ஆப்பை எடுத்தாலும் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: இது எங்கே என்று மட்டும் சொல்கிறதா, எப்போது என்றும் சொல்கிறதா? பெரும்பாலானவை முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. இங்கே எடுத்துக்கொண்டவை கூகுள் மேப்ஸின் சேமித்த பட்டியல், சொந்த வரைபடம் போடும் கூகுள் மை மேப்ஸ், கட்டம் கட்டமாக அட்டவணை போடும் கூகுள் ஷீட்ஸ், நடந்த தெருக்களை எண்ணும் சிட்டிஸ்ட்ரைட்ஸ், ஒவ்வொன்றாக முடித்ததும் மேல்பூச்சைச் சுரண்டும்படி ஆசைகளை அச்சிட்டுச் சுவரில் மாட்டும் சுரண்டு போஸ்டர். அவசரக்காரர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம்: ஷீட்ஸ்தான் கணக்குப் புத்தகம், மற்றவை அதற்குத் துணை.

கூகுள் மேப்ஸ் பட்டியல்

எல்லோரும் தொடங்குவது இங்கேதான். ஒரு இடத்தைத் தொட்டு 'சேவ்' அழுத்தினால் பச்சைக் கொடியோடு 'வான்ட் டு கோ' பட்டியலில் விழும். தனிப் பட்டியலும் தொடங்கலாம், ஒவ்வொரு இடத்துக்கும் குறிப்பு எழுதலாம், குடும்பத்தோடு பகிரலாம். இதன் உண்மையான பலம் வேறு. ஊரில் எங்காவது போய்க்கொண்டிருக்கும்போது மேப்பைத் திறந்தால், சேமித்த இடம் பக்கத்திலேயே இருப்பது கண்ணில் படும். சேமித்த இடம் நிரந்தரமாக மூடப்பட்டதாகப் பதிவாகியிருந்தால் அதையும் காட்டிவிடும்.

சிக்கல் டிக் அடிக்கும்போது வருகிறது. இந்தப் பட்டியலில் 'முடிந்தது' என்று குறிக்க வழியே இல்லை. ஒரே மாற்று வழி, 'முடித்தவை' என்று இன்னொரு பட்டியல் வைத்துக்கொண்டு, 'சேவ்' பலகையில் பழையதில் டிக்கை எடுத்துப் புதியதில் போடுவது. எழுதிய குறிப்பு பழைய பட்டியலோடு சேர்ந்தது. முதலில் டிக்கை எடுத்துவிட்டால் குறிப்பும் போயிற்று. எனவே புதியதில் சேர்த்து, குறிப்பை நகலெடுத்து ஒட்டிய பிறகே பழையதில் எடுக்க வேண்டும். தேதிக்குத் தனிக் கட்டம் கிடையாது, நினைவூட்டலும் கிடையாது.

எப்போது போனோம் என்பதை, போன இடங்களைத் தானாகப் பதிந்து வைக்கும் மேப்ஸின் டைம்லைன் காட்டிக்கொடுக்கும் என்று சிலர் அதை நம்பி இருந்துவிடுகிறார்கள். 2024-இல் தொடங்கிய மாற்றத்தில் டைம்லைன் போனுக்குள்ளேயே சேமிக்கப்படும் முறைக்குப் போய்விட்டது. கணினி பிரவுசரில் பார்க்க முடியாது. பேக்கப்பைத் தனியாக இயக்கி வைக்காமல் போனை மாற்றினால் பழைய வரலாறு கூட வராது. தேதியைக் கையால் எழுதி வைப்பதே நல்லது.

இன்னொரு குறை அடிப்படையானது. மேப்ஸுக்கு இடம் தெரியும், செயல் தெரியாது. 'நீச்சல் குளம்' என்று சேமிக்கலாம். 'நிற்காமல் 400 மீட்டர் நீந்துவது' என்பதை எங்கே குத்தி வைப்பது? குளத்துக்குப் போய்க் காலை நனைத்துவிட்டு வந்தாலும் மேப்ஸைப் பொறுத்தவரை போயாயிற்று.

கூகுள் ஷீட்ஸ்

பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வேலை நடக்கும். ஒரு வரிக்கு ஒரு ஆசை. தேவையான நெடுவரிசைகள்: செயல், இடம், அட்சரேகை, தீர்க்கரேகை, தோதான மாதங்கள், முன்வேலை, 'முடிந்தது என்றால் என்ன', நிலை, முடித்த தேதி. இதில் எதைக் குறைத்தாலும் 'முன்வேலை'யையும் 'முடிந்தது என்றால் என்ன' என்பதையும் குறைக்கக் கூடாது. உள்ளூர்ப் பட்டியல்கள் செத்துப்போவது இந்த இரண்டும் இல்லாமல்தான்.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். 'பழைய நூலகத்துக்குப் போகணும்' என்று எழுதினால் அது ஐந்து வருடம் அப்படியே கிடக்கும். அதையே 'நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவில் நான் பிறந்த நாளன்று வந்த நாளிதழைக் கேட்டு வாங்கி முதல் பக்கத்தைப் படிப்பது' என்று எழுதினால் அடுத்து செய்ய வேண்டியது தானாக வரிசையில் நிற்கும். போன் செய்து அந்த வருடத்துத் தொகுப்பு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கட்டு போட்ட தாளா, நுண்படச் சுருளா (மைக்ரோஃபிலிம்) என்று கேட்க வேண்டும். சுருள் என்றால் படிக்கும் கருவி வேலை செய்கிறதா என்பதும் முக்கியம். உறுப்பினர் அட்டை வேண்டுமா, அடையாள அட்டை போதுமா, போட்டோ எடுக்க விடுவார்களா என்பதையும் அதே அழைப்பில் கேட்டுவிடலாம். இத்தனையும் 'முன்வேலை' கட்டத்துக்குள் போகிறது. அந்த ஒரு போன் அழைப்பு நடக்காததால்தான் ஐந்து வருடம் கிடந்தது.

இன்னொன்று, ஊரின் உயரமான இடத்தில் நின்று சூரிய உதயம் பார்ப்பது. இதை மாதம் எழுதாமல் குறித்து வைப்பவர்கள் ஏமாந்துதான் திரும்புகிறார்கள். மார்ச், செப்டம்பர் சம இரவு நாட்களில் சூரியன் நேர் கிழக்கில் எழும். ஜூனில் வடக்கே தள்ளியும் டிசம்பரில் தெற்கே தள்ளியும் எழும். பூமத்திய ரேகையருகே இந்தத் தள்ளல் பக்கத்துக்குச் சுமார் 23.5 டிகிரி, அதிலிருந்து விலகிப் போகப் போக இன்னும் கூடும். மார்ச்சில் திறந்த வெளியாகத் தெரிந்த இடத்தில் டிசம்பரில் ஒரு அடுக்குமாடி நிற்கலாம். சன்கால்க் இணையதளத்தில் இடத்தையும் தேதியையும் கொடுத்தால் உதயத் திசை மேப் மேல் கோடாக விழும். அதைப் பார்த்துவிட்டு மாதத்தை எழுதுங்கள். முழுநிலவு எழுவதைப் பார்க்கும் ஆசை என்றால் அது ஏறக்குறைய சூரியன் மறையும் நேரத்தில் எழும். ஒருநாள் தவறவிட்டால் மறுநாள் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக வரும், அதற்குள் வானம் இருட்டிவிடும். படத்தில் பார்க்கும் அந்த நீல வானப் பின்னணி கிடைக்காது.

செக்பாக்ஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. 'இன்சர்ட்' மெனுவில் செக்பாக்ஸைச் சேர்க்கும்போது பலர் முழு நெடுவரிசையையும் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். புதிய ஷீட்டில் 1,000 வரிகள் இருக்கும். டிக் போடாத பெட்டியும் வெற்றுக் கட்டமல்ல, 'ஃபால்ஸ்' என்ற மதிப்பு அதற்குள் இருக்கிறது. எத்தனை வரி நிரம்பியிருக்கிறது என்று, வெற்றாக இல்லாத கட்டங்களை எண்ணும் 'கவுன்ட்ஏ' ஃபார்முலாவை அந்தப் பெட்டி நெடுவரிசையில் போட்டு எண்ணி விகிதம் எடுத்தால், 30 ஆசையில் 9 முடித்தவருக்கு 30 சதவீதத்துக்குப் பதில் ஒரு சதவீதம்கூட வராது. ஆசைகள் இருக்கும் வரிகளுக்கு மட்டும் பெட்டி போடுங்கள், எண்ணிக்கையைச் 'செயல்' நெடுவரிசையிலிருந்து எடுங்கள்.

தேதியில் அதைவிட மோசமான தப்பு நடக்கிறது. முடித்த தேதிக்கு 'டுடே' ஃபார்முலா போட்டால் ஒவ்வொரு நாளும் அது அன்றைய தேதியாக மாறிக்கொண்டே இருக்கும். போன வருடம் முடித்ததும் இன்று முடித்ததாகக் காட்டும். கணினியில் கன்ட்ரோல் விசையோடு அரைப்புள்ளி விசையை அழுத்துங்கள், அன்றைய தேதி மாறாத மதிப்பாக விழும்.

மாதங்களை 1, 11 என்று எழுதினால் வடிகட்டும்போது இடிக்கும். 'ஜனவரியில் செய்யக்கூடியவை' என்று 1 உள்ளதைத் தேடினால் 10, 11, 12 எல்லாம் வந்து நிற்கும். 01, 02 என்று இரண்டு இலக்கமாக எழுதுங்கள். அதற்கு முன் அந்த நெடுவரிசையை 'பிளெய்ன் டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றுங்கள், இல்லாவிட்டால் முன்னால் உள்ள பூஜ்யத்தை ஷீட்ஸ் தின்றுவிடும்.

இடைவெளி கட்டாயமான ஆசைகளுக்குத் தோதான மாதம் மட்டும் போதாது. 'வருடத்துக்கு நாலு முறை ரத்த தானம்' என்று எழுதுகிறவர்கள் முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும். முழு ரத்தம் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் குறைந்தபட்ச இடைவெளி ஆண்களுக்கு 12 வாரம், பெண்களுக்கு 16 வாரம். பெண்களுக்கு நான்கு முறை என்பது 52 வாரத்துக்குள் மிக நெருக்கியடித்துத்தான் உட்காரும். ஒருமுறை சளி பிடித்துத் தள்ளிப்போனாலே கணக்கு உடைந்துவிடும். மூன்று என்று எழுதினால் முடியும். அந்தந்த நாட்டு விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதுதான் செல்லும்.

ஷீட்ஸ் தானாக எழுப்பிவிடாது என்பதுதான் அதன் பெரிய குறை. காலண்டரில் ஒவ்வொரு ஆசைக்கும் இரண்டு பதிவு போடுங்கள்: ஒன்று முன்வேலைக்கு, மற்றது அந்த நாளுக்கு. அந்த நாளுக்கு மட்டும் போட்டால், அனுமதி வாங்கவில்லை என்பது அன்று காலையில்தான் நினைவுக்கு வரும்.

மை மேப்ஸ்

ஷீட்டில் உள்ளதை வரைபடமாகப் பார்க்க இது நல்லது. ஒரு மேப்பில் 10 அடுக்கு (லேயர்) வரை போடலாம், ஷீட்டை நேராக உள்ளே இழுக்கலாம். 'ஸ்டைல்' பகுதியில் 'நிலை' நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்தால் முடித்தவை ஒரு நிறம், மிச்சம் வேறு நிறம். ஊரின் ஒரு பக்கம் முழுக்கச் சாம்பல் நிறமாகக் கிடப்பதைப் பார்த்தால் அந்தப் பக்கம் போகத் தோன்றும்.

ஆனால் இழுத்த பிறகு ஷீட்டோடு தொடர்பு அறுந்துவிடும். ஷீட்டில் டிக் அடித்தால் மேப்பில் நிறம் மாறாது. அடுக்கின் மெனுவுக்குப் போய் மீண்டும் இறக்குமதி செய்ய வேண்டும். மாதம் ஒருமுறை செய்தால் போதும். ஆண்ட்ராய்டுக்கு இருந்த தனி ஆப் 2021-இல் நிறுத்தப்பட்டது, இப்போது திருத்த வேண்டுமென்றால் பிரவுசர்தான்.

மேப்ஸ் பட்டியலிலிருந்து நேராக இங்கே கொண்டுவர நினைப்பவர்கள் ஒரு இடத்தில் மாட்டுவார்கள். நம் தரவை நகலெடுத்துத் தரும் கூகுள் டேக்அவுட்டில் 'சேவ்டு' என்பதை இறக்கினால் பட்டியலுக்கு ஒரு சிஎஸ்வி கோப்பு (ஷீட்ஸில் திறக்கும் எளிய அட்டவணை) வரும். அதில் பெயர், குறிப்பு, இணைப்பு இருக்கும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் இருக்காது. பெயரை வைத்து மை மேப்ஸ் தேடினால் அதே பெயருள்ள வேறு ஊர்க் கட்டடத்தில் போய்க் குத்தும். கணினியில் மேப்ஸைத் திறந்து இடத்தின் மேல் வலது கிளிக் செய்தால் முதல் வரியில் எண்கள் வரும். அதைச் சொடுக்கினாலே நகலாகிவிடும். ஷீட்டில் ஒட்டி, 'ஸ்பிளிட் டெக்ஸ்ட் டு காலம்ஸ்' போட்டால் இரண்டாகப் பிரியும். முதலில் வருவது அட்சரேகை, அதை மாற்றிக் கொடுத்தால் புள்ளி பெரும்பாலும் கடலில் விழும். தசமத்துக்குப் பிறகு ஐந்து இலக்கம் போதும், அதுவே சுமார் ஒரு மீட்டர் துல்லியம்.

சிட்டிஸ்ட்ரைட்ஸ்

'என் ஊரின் எல்லாத் தெருவிலும் நடந்துவிட வேண்டும்' என்ற ஒரே ஆசைக்கான சேவை. நடை, ஓட்டத்தைப் பதியும் ஸ்ட்ராவா, கார்மின் போன்றவற்றில் பதிவான நடையை எடுத்துக்கொண்டு, பொதுமக்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் உள்ள தெருக்களோடு ஒப்பிடும். தெரு என்பது அதற்குப் புள்ளிகளின் வரிசை. 90 சதவீதப் புள்ளிகளைத் தொட்டால் முடிந்ததாகக் கணக்கு. நீளத் தெருவில் ஒன்றிரண்டு விட்டாலும் பரவாயில்லை. ஐந்தே புள்ளி உள்ள குட்டித் தெருவில் நான்கு தொட்டால் 80 சதவீதம்தான், முட்டுச்சுவர் வரை போய்த் திரும்ப வேண்டும்.

பெயரில்லாத சந்துகளை இது எண்ணாது. சந்துகள் நிறைந்த பழைய பகுதியில் அது காட்டும் சதவீதத்தை நம்ப வேண்டாம். பதிவில் பொதுவாக வரும் கோளாறு போனுடையது. பேட்டரி மிச்சம் பிடிக்கும் அமைப்பு பின்னணியில் ஆப்பை நிறுத்திவிடும். பிறகு பார்த்தால் வளைந்து போன நடை ஒரே நேர்க்கோடாகக் கட்டடங்களை வெட்டிக்கொண்டு போயிருக்கும். பதிவு செய்யும் ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

சுரண்டு போஸ்டர்

பரிசாகக் கொடுக்க அழகு. ஆனால் அச்சாகி வரும் ஆசைகள் யாரோ ஒருவருடையவை. சேர்க்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. நாணயத்தின் விளிம்பால் சுரண்டினால் கீழே உள்ள படமும் உரிந்து வரும், ஐஸ்கிரீம் குச்சி போன்ற மழுங்கிய மரம்தான் சரி. கண்ணாடிச் சட்டம் போட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் சட்டத்தைக் கழற்ற வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் நடப்பில் வைப்பது ஐந்து வரிக்கு மேல் போக வேண்டாம். மிச்சம் வேறு தாவலில் கிடக்கட்டும். 'நிலை' கட்டத்தில் முடிந்தது, முடியவில்லை என்று இரண்டோடு நிறுத்தாமல் 'கைவிட்டது' என்று மூன்றாவதும் வேண்டும், காரணத்தோடு. இடித்துவிட்ட கட்டடம், மூடிவிட்ட அரங்கம், மூட்டு ஒத்துழைக்காததால் ஏற முடியாத படிகள் எல்லாம் அங்கே போகும். வரியை அழிக்காதீர்கள். மேப்ஸ் பட்டியலில் ஓர் இடத்தை நீக்கினால் குறிப்பும் சேர்ந்தே போய்விடும், ஷீட்டில் அது அப்படியே இருக்கும்.

காப்பு நகலுக்கு டேக்அவுட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தானாக ஏற்றுமதியாகும்படி வைக்கலாம். அது ஒரு வருடத்துக்குத்தான் ஓடும். ஆறு நகல் வந்ததும் நின்றுவிடும், மறுபடி நீங்களேதான் போட வேண்டும். காலண்டரில் அதற்கும் ஒரு பதிவு போட்டுவிடுங்கள்.