இன்டீரியர் டிசைன் படிக்க பி.எஸ்சி.யா, பி.டெஸ்.ஸா, பி.ஆர்க்.கா?

பிளஸ் டூ முடித்துவிட்டு இன்டீரியர் டிசைன் படிக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு நம் ஊரில் பெரும்பாலும் மூன்று வழிகள். மூன்று ஆண்டு பி.எஸ்சி., நான்கு ஆண்டு பி.டெஸ். (டிசைன் பட்டம்), அல்லது ஐந்து ஆண்டு பி.ஆர்க். (கட்டடக்கலைப் பட்டம்) முடித்துவிட்டு இன்டீரியர் பக்கம் வருவது. வீட்டில் ஃபீஸையும் வருடக் கணக்கையும் வைத்தே முடிவெடுத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதலில் விசாரிக்க வேண்டியது அந்தப் படிப்பில் ஸ்டுடியோவுக்கு எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்பதைத்தான்.

ஸ்டுடியோ என்பது வரைந்து, திட்டு வாங்கி, திரும்ப வரையும் வகுப்பு. ஒரு சின்ன சமையலறையைக் கொடுப்பார்கள். மேடை உயரம் 85 செ.மீ. என்று புத்தகத்தில் இருக்கும். சமைக்கப்போகும் பாட்டி குள்ளமாக இருந்தால் என்ன செய்வது? கிரைண்டர் எங்கே உட்காரும், அதற்கு பிளக் பாயின்ட் எந்தப் பக்கம்? கீழ் கேபினெட்டுக்கு 60 செ.மீ. ஆழம் வைத்தால் 8க்கு 4 அடி பிளைவுட் ஷீட்டின் அகலத்தில் இரண்டு பட்டை கிடைக்கும், ரம்பம் தின்னும் தூளுக்கும் இடம் இருக்கும். 62.5 என்று வரைந்துவிட்டால் ஒரு பட்டைதான் தேறும். மிச்சத் துண்டு இன்னொரு கேபினெட்டுக்குப் போதாது. கார்பென்டர் இதை நொடியில் சொல்லிவிடுவார். மாணவருக்கு இது கையில் வர பல முறை வரைந்து, சைட்டில் போய் நிற்க வேண்டும்.

மூன்று ஆண்டு பி.எஸ்சி. இடறுவது இங்கேதான். நம் கலை அறிவியல் கல்லூரிகளில் தமிழ், ஆங்கிலம், துணைப்பாடங்கள் எல்லாம் போக மிஞ்சும் நேரத்தில்தான் வரைபடம். ஆட்டோகேட், ஸ்கெட்ச்அப் போன்ற வரைபட சாஃப்ட்வேர்களைக் கற்றுக்கொண்டு பிள்ளைகள் வெளியே வந்துவிடுகிறார்கள். கம்ப்யூட்டரில் படம் பளபளக்கிறது, செக்‌ஷன் (குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று காட்டும் படம்) வரையச் சொன்னால் கை தயங்குகிறது. அதற்காக இந்தப் படிப்பைத் தள்ளிவிட முடியாது. ஃபீஸ் பொதுவாகக் குறைவு, பெரும்பாலும் நுழைவுத் தேர்வு கிடையாது, இருபது இருபத்தொன்று வயதில் சம்பாதிக்கத் தொடங்கலாம். குடும்ப நிலைமை அப்படி என்றால் தயங்காமல் சேரலாம். ஆனால் லீவு நாட்களை ஏதாவதொரு சைட்டில் கழித்தே ஆக வேண்டும். மேற்படிப்புக்கு வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு: பிரிட்டனுக்கு மூன்று ஆண்டுப் பட்டம் போதும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் நான்கு ஆண்டு கேட்கும்.

பி.டெஸ்.ஸில் பாதி நேரத்துக்கு மேல் ஸ்டுடியோவும் பட்டறையும்தான். 1961இல் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனமான அகமதாபாத் என்.ஐ.டி.யில் ஃபர்னிச்சரையும் இன்டீரியரையும் சேர்த்தே கற்பிக்கிறார்கள். முதல் ஆண்டு எல்லோருக்கும் பொது அடித்தளம், அப்புறம்தான் பிரிவு. அங்கே சேர டி.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வு உண்டு, எந்த குரூப் படித்தவரும் எழுதலாம், இரண்டு கட்டமாக நடக்கும், இடங்கள் கொஞ்சம். அதே ஊரில் செப்ட் பல்கலைக்கழகம் 1991இலேயே இன்டீரியரைத் தனிப் பட்டப்படிப்பாகத் தொடங்கியது, அதுவும் ஐந்து ஆண்டுகளுக்கு. ஒரு அறையைப் பற்றி ஐந்து ஆண்டு படிக்க விஷயம் இருக்கிறதா என்று கேட்பவர்கள், வெளிச்சம், மரம், இணைப்பு, மனித உடல் அளவு என்று ஒவ்வொன்றும் எவ்வளவு ஆழம் போகும் என்று பார்த்ததில்லை. தனியார் பல்கலைக்கழகங்களின் பி.டெஸ். விஷயத்தில் மட்டும் உஷாராக இருங்கள். ஃபீஸ் லட்சங்களில் இருக்கும், தரம் இடத்துக்கு இடம் மாறும்.

பி.ஆர்க்.குக்குக் கணிதமும் இயற்பியலும் வேண்டும். தமிழ்நாட்டு கவுன்சலிங்கில் பிளஸ் டூவுக்குப் பாதி, நாட்டா போன்ற நுழைவுத் தேர்வுக்குப் பாதி என்று 400க்கு மதிப்பெண் போடுவார்கள். பெரிய பலம் சட்டம். 1972ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிந்தவர் மட்டுமே தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். இன்டீரியர் டிசைனருக்கு அப்படி ஒரு கவுன்சில் இல்லை. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அதனால் சுவரை இடிப்பதா, பீம் எங்கே போகிறது என்ற பேச்சு வரும்போது வாடிக்கையாளர் பி.ஆர்க். படித்தவரை நம்புகிறார். குறை என்னவென்றால், ஐந்து ஆண்டில் பெரும்பகுதி கட்டடம், கட்டமைப்பு, மனை என்றே போய்விடும். இழுப்பறைச் சேனல் எந்த வகை, லேமினேட் ஓரம் ஏன் உரிகிறது என்பதெல்லாம் வேலைக்குப் போய்த்தான் தெரியவரும்.

சரி, நான் எதைச் சொல்வேன்? இன்டீரியர்தான் என்று மனதில் உறுதியாக இருக்கும் பிள்ளைக்கு நல்ல பட்டறை உள்ள பி.டெஸ்.தான். கணக்குப் பாடம் வரும், கட்டடத்திலும் ஆசை உண்டு, இன்னும் தெளிவில்லை என்றால் பி.ஆர்க். அதிலிருந்து இன்டீரியருக்கு வருவது சுலபம். இன்டீரியரில் இருந்து ஆர்க்கிடெக்ட் ஆக மறுபடி முதல் ஆண்டில் போய் உட்கார வேண்டும்.

எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சேர்வதற்கு முன் ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். மூன்றாம் ஆண்டு மாணவரின் கையால் வரைந்த செக்‌ஷனைக் காட்டச் சொல்லுங்கள். மரப் பட்டறை இருக்கிறதா, அதன் தரையில் மரத்தூள் கிடக்கிறதா என்று பாருங்கள். மாணவர் வேலையை மதிப்பிடும் ஜூரிக்கு வெளியிலிருந்து யார் வருகிறார்கள், கடைசி ஆண்டு இன்டர்ன்ஷிப் எத்தனை மாதம், அதற்குக் கல்லூரி இடம் பிடித்துத் தருமா என்று சீனியர்களிடம் கேளுங்கள். அட்மிஷன் ஆபீஸில் கேட்டால் பிளேஸ்மென்ட் பற்றித்தான் பேசுவார்கள்.