இருட்டில் அணைந்த சைக்கிள் முன்விளக்கு: 3,600 ரூபாய் கொடுத்து ஏமாந்தவனின் எச்சரிக்கை

சென்னையில் உயர்விலை மிதிவண்டிகளையும் அவற்றுக்கான துணைப்பொருள்களையும் விற்கும் ஒரு கடையில் 3,600 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய ரீசார்ஜ் முன்விளக்கு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடிவதற்கு முந்தைய இருட்டில் எந்த அறிகுறியும் காட்டாமல் அணைந்துவிட்டது. எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த என் அக்கா மகன் அதனால் கீழே விழுந்து, முழங்கையில் தையலோடு வீட்டில் படுத்திருக்கிறான். விற்ற கடைக்காரர் பணத்தையும் திருப்பித் தரவில்லை, மாற்று விளக்கும் தரவில்லை. கடைசியாகப் பேசியபோது குறை என்னுடையதுதான் என்று சொல்லிவிட்டார். நுகர்வோர் புகார் பதிவாகியிருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட்டு, இரவில் ஓட்டுவதற்கான விளக்கை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பயன்படுத்துவது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

பிரெவே எனப்படும், நேர வரம்புள்ள 300 கிலோமீட்டர் நெடுந்தொலைவு மிதிவண்டிப் பயணத்தில் கலந்துகொள்வதற்காக அவனும் நானும் சேர்ந்து பயிற்சி செய்துவந்தோம். அந்தத் தொலைவை 20 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதால் இருட்டில் ஓட்டுவதைத் தவிர்க்க முடியாது. முன்விளக்கும் பின்விளக்கும் ஒளியைப் பிரதிபலிக்கும் மேலங்கியும் இரவில் கட்டாயம். நகருக்குள் ஓட்டுபவருக்குத் தெருவிளக்கு இருக்கிறது. மற்றவர் கண்ணில் படுவதற்கு ஒரு சிறிய விளக்கு போதும். உத்தண்டியைத் தாண்டிவிட்டால் அப்படியில்லை. காற்றில் வந்து சாலையோரம் படிந்த மணல், படுத்திருக்கும் மாடு, ஒளிப்பட்டை ஒட்டாத இரும்புத் தடுப்பு ஆகிய எல்லாவற்றையும் தொலைவிலேயே காட்டும் விளக்கு வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 7 மீட்டரைக் கடந்துவிடுகிறது. இந்த விவரங்கள் அனைத்தையும் நான் அந்தக் கடையில் சொன்னேன். எங்கே ஓட்டுகிறேன், எந்த நேரத்தில் கிளம்புகிறேன், எத்தனை மணி நேரம் வெளிச்சம் வேண்டும் என்று ஒன்றுவிடாமல் சொல்லித்தான் விளக்கு கேட்டேன்.

கடை உரிமையாளர் பொறுமையாகக் கேட்டார். அவரும் மிதிவண்டி ஓட்டுபவர். சுவரில் அவர் வாங்கிய பதக்கங்கள் மாட்டியிருந்தன. இணையத்தில் இதைவிட மலிவான விளக்குகள் கிடைக்கும், ஆனால் அவற்றை நம்பி இருட்டில் போகக் கூடாது என்று அவரே எச்சரித்தார். பிறகு கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு என்னைக் கடையின் பின்அறைக்கு அழைத்துச் சென்று, கதவைச் சாத்தி, அறை விளக்கை அணைத்துவிட்டு அந்த முன்விளக்கைச் சுவரில் அடித்துக் காட்டினார். அறை முழுவதும் பகலானது. கண் கூசியது. “சார், என் வண்டியிலயே இதுதான் மாட்டியிருக்கேன். மீடியம்ல வச்சீங்கன்னா நாலு மணி நேரம் தாராளமா நிக்கும். ஏதாவது பிரச்சினைனா வேற யார்கிட்டயும் போக வேணாம், நேரா என்கிட்ட வாங்க, மாத்தித் தர்றேன்” என்றார். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் நான் பணம் கொடுத்தேன். இணையத்தில் வாங்கினால் யாரிடம் போய் நிற்பது, இங்கே ஒரு மனிதர் இருக்கிறார், அவரும் நம்மைப் போலவே இருட்டில் அதே சாலையில் ஓட்டுகிறவர் என்ற எண்ணம் எனக்கு இருந்தது. 3,600 ரூபாயை யுபிஐ மூலம் அங்கேயே அனுப்பினேன்.

மூடிய அறையில் சில அடி தூரத்தில் உள்ள வெள்ளைச் சுவரில் அடித்துக் காட்டினால் எந்த விளக்கும் பிரமாதமாகத்தான் தெரியும். கறுத்த தார்ச்சாலையில், பதினைந்து இருபது மீட்டருக்கு அப்பால் எவ்வளவு ஒளி போய் விழுகிறது, அது எவ்வளவு நேரம் குறையாமல் நிற்கிறது என்பதுதான் கேள்வி. அதைக் கடைக்குள் யாராலும் சோதிக்க முடியாது. ஓட்டுபவர் வேறு வழியின்றி விற்பவரின் வார்த்தையை நம்பும் இடம் அது ஒன்றுதான். அந்த இடத்தில்தான் இவர் பொய் சொன்னார்.

வாங்கிய பிறகு நகருக்குள் மாலை வேளைகளில் குறைந்த வெளிச்சத்தில் சிறிது தூரம் ஓட்டியபோது எந்தக் குறையும் தெரியவில்லை. அந்த அதிகாலையில், முந்தைய நாள் மாலையே முழுவதும் சார்ஜ் ஏற்றி, பச்சை நிறம் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் இருவரும் திருவான்மியூரிலிருந்து கிளம்பினோம். அவர் சொன்ன அதே நடுநிலை வெளிச்சத்தில் வைத்திருந்தேன். உத்தண்டி சுங்கச்சாவடியைக் கடந்து முட்டுக்காட்டுப் பாலத்தை நோக்கிப் போகும் வழியில், தெருவிளக்கு எரியாத ஓரிடத்தில் விளக்கு சட்டென்று அணைந்தது. முதலில் மங்கவும் இல்லை, சிவப்பு நிறம் காட்டவும் இல்லை. எரியத் தொடங்கி முக்கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. நல்ல விளக்கில் மின்கலம் தீரும் நிலைக்கு வந்தால் வெளிச்சம் தானாகக் குறைந்து, ஓட்டுபவர் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச் சேரும் அளவுக்காவது எரிந்துகொண்டிருக்கும். இதில் அந்த ஏற்பாடே கிடையாது. அதுவரை வெளிச்சத்துக்குப் பழகியிருந்த கண்ணுக்கு ஒன்றுமே தெரியாமல் போன அந்த நொடியில் நான் பிரேக் பிடித்தேன். என் வெளிச்சத்தை நம்பிப் பின்னால் வந்த பையன் என் பின்சக்கரத்தில் மோதி, தார்ச்சாலையில் முழங்கை தேய விழுந்தான். “மாமா, லாரி வருது” என்று அவன் கத்தியதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அவனைக் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தபோது அந்த லாரி எங்களைக் கடந்து போனது.

அன்று காலையே, கடை திறந்ததும் அழைத்தேன். பையனுக்கு அடிபட்டதைச் சொன்னேன். உரிமையாளர் வருத்தம் தெரிவித்தார், ஆனால் அடுத்த கேள்வியே “மொபைல் சார்ஜர்ல போட்டீங்களா சார்? ஃபாஸ்ட் சார்ஜர் போட்டா பேட்டரி அடிவாங்கிடும்” என்பதாக இருந்தது. இது உண்மையல்ல. யூ.எஸ்.பி. சார்ஜர் எதுவாக இருந்தாலும், இணைக்கப்பட்ட கருவி கூடுதல் மின்னழுத்தம் கேட்டாலொழிய 5 வோல்ட்தான் கொடுக்கும். இந்த விளக்கில் அப்படிக் கேட்கும் சுற்று எதுவும் இல்லை. அதை விளக்கிச் சொன்னதும் பேச்சு மாறியது. புது பேட்டரி ‘செட்’ ஆவதற்குச் சில முறை முழுதாகச் சார்ஜ் ஏற்றி இறக்க வேண்டும் என்றார். பழைய நிக்கல் காட்மியம் மின்கலங்களின் காலத்துப் பேச்சு அது. லித்தியம் அயனி மின்கலத்துக்கு அப்படிப்பட்ட தேவையே இல்லை.

நேரில் விளக்கை எடுத்துக்கொண்டு போனேன். உரிமையாளர் வெளியே போயிருக்கிறார் என்று பணியாளர் சொன்னார். மறுபடி போனபோது அவர் உள்ளே இருந்தார், ஆனால் இந்தப் பொருளுக்கு வாரண்டி தருவது தாங்கள் அல்ல, பெங்களூரில் இருக்கும் விநியோகஸ்தர்தான் என்றார். விநியோகஸ்தரின் எண்ணைக் கேட்டால் தாங்களே பேசிச் சொல்வதாகக் கூறினார். அதன் பிறகு வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய செய்திகளுக்கு நீல நிற டிக் மட்டும் விழுந்தது. விடாமல் கேட்டதற்கு ஒருவழியாக ஒரு வரியில் பதில் வந்தது: விளக்கின் உடல் பகுதிக்கு மட்டுமே வாரண்டி, மின்கலத்துக்குக் கிடையாது. விற்கும்போது நான்கு மணி நேரம் நிற்கும் என்று அவர் சொன்னது மின்கலத்தைப் பற்றி அல்லாமல் வேறு எதைப் பற்றி? “நேரா என்கிட்ட வாங்க” என்றவரிடம் நேராகப் போய்த்தானே நின்றேன்? 3,600 ரூபாய் வாங்கிக்கொண்ட அன்று இந்த நிபந்தனையை அவர் வாய் திறந்து சொல்லவில்லை, பெட்டியிலும் அச்சிடப்படவில்லை. நான் கேட்டு வாங்கிய பில்லை எடுத்துப் பார்த்தால் அதன் தலைப்பில் ‘எஸ்டிமேட்’ என்று இருக்கிறது, பொருளின் இடத்தில் ‘சைக்கிள் லைட் 1’ என்று மட்டும் இருக்கிறது, ஜி.எஸ்.டி. எண்ணைக் காணவில்லை.

வாரண்டி இல்லை என்று அவரே எழுத்தில் சொல்லிவிட்ட பிறகு, ரிச்சி தெருவில் எனக்குத் தெரிந்த மின்னணுப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய் விளக்கைத் திறக்கச் சொன்னேன். பெட்டியில் 3000 லூமென், 6400 எம்.ஏ.எச்., 8 மணி நேரம் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். லூமென் என்பது விளக்கு தரும் ஒளியின் அளவு, எம்.ஏ.எச். என்பது மின்கலத்தின் கொள்ளளவு. உள்ளே இருந்ததோ ஒரே ஒரு 18650 செல். அதாவது 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் உள்ள சாதாரண உருளை மின்கலம். தரமான நிறுவனங்கள் செய்யும் இந்த அளவு செல்லே வழக்கமாக 3,500 எம்.ஏ.எச். அளவில்தான் நிற்கிறது; 6400 வேண்டுமென்றால் இரண்டு செல்லாவது இருந்தாக வேண்டும், இரண்டாவதை வைக்க அந்தக் கூட்டில் இடமே இல்லை. சோதனைக் கருவியில் மாட்டிப் பார்த்தபோது இந்த ஒற்றைச் செல்லும் 1,200ஐ ஒட்டித்தான் காட்டியது. செல்லின் மேலுறையில் தயாரித்தவர் பெயர் இல்லை, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண்ணும் இல்லை. எல்.இ.டி. பொருத்திய பலகைக்கும் உலோகக் கூட்டுக்கும் இடையில் வெப்பத்தைக் கடத்தும் பசையைக்கூடத் தடவவில்லை.

அச்சிட்ட எண்கள் மெய்யாகவே இருந்தாலும் கணக்கு உதைக்கிறது. 6400 எம்.ஏ.எச்., 3.7 வோல்ட் என்றால் ஏறத்தாழ 24 வாட்-மணி ஆற்றல். இப்போதைய எல்.இ.டி. விளக்கு ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென், நன்றாகச் செய்திருந்தால் அதற்குக் கொஞ்சம் மேலே கொடுக்கிறது. ஆகவே 3000 லூமென் என்றால் 25 முதல் 30 வாட் செலவாகும். ஒரு மணி நேரம்கூடத் தாங்காத விளக்கின் மேல் 8 மணி நேரம் என்று அச்சிட்டு, அதை இருட்டில் லாரிகள் ஓடும் சாலைக்குப் போகிற ஒருவனிடம் விற்கிறார்கள். மற்றப் பொருள்களில் பொய் எண் அச்சிட்டால் பணம்தான் போகும். விளக்கில் அச்சிட்டால் உயிர் போகக்கூடும். இதை அந்த உரிமையாளர் அறியாதவர் அல்லர்.

இந்த விவரங்களைப் படத்தோடு அவருக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “நீங்களே பிரிச்சுட்டீங்க சார், இனிமே கம்பெனிகிட்ட எங்களால பேச முடியாது.” முதலில் வாரண்டியே இல்லை என்றவர், திறந்ததால் வாரண்டி போய்விட்டது என்கிறார். அதன் பிறகு என் அழைப்புகளை அவர் எடுக்கவில்லை.

2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. பில்லில் கால வரம்பு குறிப்பிடப்படாவிட்டால் அது 30 நாள். முறையான பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகாரைப் பதிந்துவிட்டேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்; கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. 3,600 ரூபாய்க்காகவா இத்தனை அலைச்சல் என்று வீட்டில் கேட்கிறார்கள். அந்தக் கடையில் அதே அலமாரியில் அதே பெட்டிகள் இன்னும் அடுக்கியிருக்கின்றன. அதனால்தான் அலைகிறேன்.

தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாக எழுத நினைத்தேன். பையனைத் தையல் பிரிக்க அழைத்துப் போக வேண்டியிருப்பதால் முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். லூமென் எண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். எந்த வெளிச்சநிலையில் எத்தனை மணி நேரம் என்று தனித்தனியாக அச்சிடாத விளக்கைத் தொடாதீர்கள். அப்படி அச்சிட்டிருந்தாலும், கைவிளக்குகளுக்கான அமெரிக்கத் தர அளவீடான ஏ.என்.எஸ்.ஐ. எஃப்.எல்.1இல் ஒளி தொடக்க அளவின் 10 சதவீதத்துக்கு இறங்கும் வரையிலான நேரமே எரியும் நேரமாகக் கொள்ளப்படுகிறது என்பதை நினைவில் வையுங்கள். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாரண்டி மின்கலத்துக்கும் உண்டா என்பதைப் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள், ‘எஸ்டிமேட்’ தாளை ஏற்காதீர்கள். ஒளிக்கற்றையின் மேல்விளிம்பு வெட்டப்பட்டதுபோல் நிற்கும் விளக்குகள் கிடைக்கின்றன, ஜெர்மனியில் அத்தகையவற்றுக்குத்தான் அனுமதி. எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்காத அந்த வகையைத் தேடுங்கள், எந்த விளக்கானாலும் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டுங்கள். நகரத்துக்கு வெளியே போகும்போது இரண்டாவது முன்விளக்கு ஒன்று கைப்பிடியில் இருக்கட்டும், பின்னால் வருபவரும் தமக்கென்று முழு வெளிச்சமுள்ள விளக்கு வைத்திருக்கட்டும்.

இப்படிப்பட்ட விளக்கை ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள், அடுத்த முறை இருட்டில் கிளம்புவதற்கு முன் அதை முழுவதும் சார்ஜ் ஏற்றி, ஓட்டும்போது படும் காற்றுக்கு ஈடாக மின்விசிறிக்கு எதிரே வைத்து, நீங்கள் வழக்கமாக ஓட்டும் வெளிச்சநிலையில் எரியவிட்டு, எத்தனை நிமிடத்தில் அணைகிறது, அணைவதற்கு முன் ஏதாவது அறிகுறி காட்டுகிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.