4,080 டாலர் போச்சு: மின்னஞ்சலில் இணைத்து வரும் கோப்புகளின் தடுப்புச் சோதனையைத் தானாகச் செய்து தருகிறோம் என்பவர்களை நம்பும் முன் படியுங்கள்

இன்று காலை கடைசிப் பதில் வந்தது: ரீஃபண்ட் கிடையாதாம். 340 மின்னஞ்சல் பெட்டி, பெட்டிக்கு மாதம் 1 டாலர், 12 மாதம் முன்பணம். மொத்தம் 4,080 டாலர். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பெயர் போடப் போவதில்லை, எந்த மாதிரிச் சேவை என்று மட்டும் சொல்கிறேன். மின்னஞ்சல் அமைப்போடு ஏபிஐ (மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழி) வழியாக இணைந்துகொள்ளும். இணைத்து வரும் ஆபத்தான கோப்புகளைத் தடுக்கும் வடிகட்டி விதிப்படி இயங்குகிறதா என்று தினமும் தானாகப் பார்த்து, ஆடிட்டருக்கு அறிக்கை எடுத்துத் தரும். தகவல் பாதுகாப்புத் தரநிலையான ஐஎஸ்ஓ 27001-இன் 2022 பதிப்பில் 8.7, அதாவது தீநிரல் (மால்வேர்) பாதுகாப்பு. இன்னொரு பாதுகாப்பு விதிப் பட்டியலான சிஐஎஸ் கன்ட்ரோல் 8ஆம் பதிப்பில் 9.6, தேவையற்ற கோப்பு வகைகளைத் தடுப்பது. 9.7, அஞ்சல் சர்வரில் ஆன்டிவைரஸ். மூன்றுக்கும் எதிரே பச்சை டிக்.

நம்ப வைத்தது டெமோதான். ஐகார் சோதனைக் கோப்பு தெரியும் அல்லவா, வெறும் 68 எழுத்து, எல்லா ஆன்டிவைரஸும் கத்த வேண்டும் என்றே உருவாக்கியது. அதை ஒரு மின்னஞ்சலில் இணைத்து அனுப்பினார்கள். சர்வர் 550 (ஏற்க முடியாது என்ற பிழை எண்) என்று திருப்பி அடித்தது. அடுத்த நிமிடம் டேஷ்போர்டில் சிவப்பு பச்சையானது. கண் முன்னால் தடுக்கிறதே, இதற்கு மேல் என்ன கேட்பது? அன்றைக்கே 4,080 டாலரும் கட்டியாயிற்று.

அங்கேதான் ஏமாந்தது. ஐகாரைத் தடுத்தது ஆன்டிவைரஸ் சிக்னேச்சர், அதாவது தெரிந்த வைரஸ்களின் அடையாளப் பட்டியல். கோப்பு வகையைப் பார்த்துத் தடுக்கும் ரூலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்று, அந்த மின்னஞ்சலை அன்று ஒருவர் கையால் அனுப்பினார். தினசரித் தானியங்கிச் சோதனையில் மின்னஞ்சல் எதுவும் போவதே இல்லை. ஏபிஐயிடம் "இப்படி ஒரு ரூல் இருக்கிறதா" என்று கேட்கும், "இருக்கிறது" என்று பதில் வந்தால் பச்சை. அவ்வளவுதான் அந்தச் சோதனை!

பதினோரு வாரம் எல்லாம் பச்சை. பிறகு பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஒன்று நேராக இன்பாக்ஸில் வந்து உட்கார்ந்தது. உள்ளே டிஸ்க் இமேஜ் (ஒரு முழு வட்டின் நகலாக உள்ள கோப்பு), அதற்குள் ஷார்ட்கட் கோப்பு. 2022இல் மைக்ரோசாஃப்ட் இணையத்திலிருந்து வரும் ஆஃபீஸ் மேக்ரோக்களை (ஆவணத்துக்குள் ஓடும் சிறு நிரல்கள்) தானாகவே முடக்கத் தொடங்கிய பிறகு தாக்குபவர்கள் பெருமளவில் மாறிய வழி இதுதான். இவர்களுடைய "தயார்நிலை டெம்ப்ளேட்"டில் டிஸ்க் இமேஜ் வகையே இல்லை.

அதன்பின் நாங்களே கையால் சோதித்தோம். வகை தடுக்கும் ரூல் சோதனைப் பயன்முறையில் கிடந்தது, லாகில் எழுதும், தடுக்காது. நிறுவும்போது அப்படி வைத்தது அவர்களுடைய ஆள்தான். இஎக்ஸ்இ (நேரடியாக இயங்கும் நிரல்) கோப்பை டெக்ஸ்ட் என்று பெயர் மாற்றினால் உள்ளே போகிறது, ஏனென்றால் பார்ப்பது கோப்புப் பெயரின் வாலை மட்டும், இஎக்ஸ்இக்கு அடையாளமாக முதல் இரண்டு பைட்டில் எம்இசட் இருப்பதைப் பார்ப்பதில்லை. பூட்டிய ஜிப்பை ஸ்கேனரால் திறக்க முடியாது, திறக்க முடியாததைச் "சுத்தம்" என்று விட்டுவிடுகிறது. கிளாம்ஏவி என்ற இலவச ஆன்டிவைரஸ் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள்: பூட்டிய காப்பகத்துக்கான எச்சரிக்கையும், அளவு வரம்பைத் தாண்டியதற்கான எச்சரிக்கையும் அதில் இயல்பாகவே அணைந்திருக்கும், நாம்தான் போட வேண்டும்.

அடுத்தது இன்னும் மோசம். ஸ்கேனர் சேவையை நிறுத்திவிட்டு மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தோம். அப்படியே உள்ளே வந்தது. போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மின்னஞ்சல் சர்வர் மென்பொருளில் மில்டர் (ஸ்கேனரை இணைக்கும் வடிகட்டி) பதில் தராவிட்டால் இயல்பாகத் தற்காலிகமாக மறுக்கும், அனுப்புநர் சர்வர் பிறகு மீண்டும் முயலும். இங்கே அதை "ஏற்றுக்கொள்" என்று யாரோ மாற்றியிருக்கிறார்கள். எம்எக்ஸ் ரெக்கார்டை (மின்னஞ்சலை எந்த சர்வருக்கு அனுப்ப வேண்டும் என்ற பதிவு) தவிர்த்துவிட்டு, பின்னால் உள்ள சர்வர் முகவரிக்கே நேராக அனுப்பினால் வடிகட்டியைத் தொடாமலேயே போகிறது, வடிகட்டியின் ஐபியிலிருந்து மட்டும் ஏற்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லாததால். இத்தனை ஓட்டைக்கும் டேஷ்போர்டு அன்று காட்டியது 100 சதவீதம்.

புகார் எழுதினோம். முதல் பதில் தானாகப் பதில் தரும் சாட்பாட்டிடமிருந்து, ஒரு உதவிக் கட்டுரையின் லிங்க். இரண்டாவது, "உங்கள் கான்ஃபிகரேஷன் பிரச்சினை". அவர்கள் ஆள் வைத்த கான்ஃபிகரேஷன் என்று நிறுவிய நாளின் மாற்ற லாகை அனுப்பினோம். டிக்கெட்டை "தீர்க்கப்பட்டது" என்று மூடினார்கள். மறுபடி திறந்தோம், "எங்கள் தயாரிப்பு பாதுகாப்புக் கருவி அல்ல, ஆவணக் கருவி" என்றார்கள். டெமோவில் அப்படியா சொன்னார்கள்? போனில் பேசிய மேலாளர் "அடுத்த வெளியீட்டில் வரும்" என்றார். கடைசியில் ஒப்பந்தத்தில் 14 நாள் விதியைக் காட்டி 4,080 டாலரை வைத்துக்கொண்டார்கள். ஆடிட்டரிடம் கொடுத்த பதினோரு வார அறிக்கையைத் திரும்பப் பெறும் வேலை தனி.

என்ன செய்வது என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், நேரமில்லை. டெமோவில் ஐகாரை மட்டும் ஏற்காதீர்கள். அதையே ஜிப்பில், ஜிப்புக்குள் ஜிப்பில், பாஸ்வேர்டு போட்டு அனுப்பச் சொல்லுங்கள். பெயர் மாற்றிய ஒரு சாதாரண இஎக்ஸ்இயும் போகட்டும், அது மட்டும்தான் வகை ரூலைச் சோதிக்கும். தினசரிச் சோதனை உண்மையிலேயே மின்னஞ்சல் அனுப்புகிறதா என்று சர்வர் லாகில் நீங்களே தேடுங்கள். சோதனை மின்னஞ்சல் வெளியிலிருந்து வர வேண்டும், உள் கணக்கிலிருந்து அனுப்பினால் பல இடங்களில் ரூலே ஓடாது. ஸ்கேனரை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். ஏபிஐ அனுமதியைப் படிக்க மட்டும் கொடுங்கள். வருடப் பணம் முன்கூட்டிக் கட்டாதீர்கள், மாதாமாதம் கட்டுங்கள்.

அவர்களுக்குக் கொடுத்த ஏபிஐ டோக்கனை (உள்ளே நுழையும் சாவி) இப்போதுதான் ரத்து செய்தேன். சந்தா முடிந்தாலும் டோக்கன் உயிரோடு இருக்கலாம், அதையும் மறக்காதீர்கள்.