ஒரு பை அரிசியும் ஒரு பூதமும்: ‘காட்ஜில்லா மைனஸ் ஒன்’

டகாஷி யமசாகி எழுதி இயக்கிய ‘காட்ஜில்லா மைனஸ் ஒன்’ ஜப்பானில் 2023இல் வெளியானது. 2024 ஜூன் மாதம் அது நெட்ஃபிளிக்ஸுக்கு வந்த பிறகு, திருத்துறைப்பூண்டியில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அப்பாயியும் அக்காள் மகனும் பக்கத்தில் இருக்க, ஜப்பானிய ஒலியோடும் ஆங்கில வசன எழுத்தோடும் பார்த்தேன். காட்சி விளைவுகளுக்காக ஆஸ்கர் பெற்ற படம் என்பதால் கட்டடங்கள் நொறுங்குவதைக் காணத்தான் உட்கார்ந்தோம். படம் முடிந்தபின் நாங்கள் நெடுநேரம் பேசியது, அதில் வரும் அரிசியைப் பற்றி.

கதை 1945இல், போரின் கடைசி நாட்களில் தொடங்குகிறது. தற்கொலைத் தாக்குதலுக்கு அனுப்பப்பட்ட விமானி ஷிகிஷிமா, எந்திரக் கோளாறு என்று பொய் சொல்லி ஓடோ தீவில் இறங்குகிறான். அன்றிரவு காட்ஜில்லா என்னும் ராட்சதக் கடல் பூதம் வந்தபோது அவன் விரல் துப்பாக்கி விசையை அழுத்த மறுத்துவிடுகிறது. பழுதுபார்ப்பவர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் மாண்டுபோகிறார்கள். குண்டுவீச்சில் எரிந்துபோன டோக்கியோவுக்கு அவன் திரும்பும்போது பெற்றோர் உயிரோடு இல்லை. தன் பிள்ளைகளைப் பறிகொடுத்த பக்கத்து வீட்டுச் சுமிகோ, நீங்கள் எல்லாம் ஒழுங்காகப் போரிட்டிருந்தால் இந்தக் கதி வந்திருக்காது என்று அவனை ஏசுகிறாள். அதே சுமிகோதான், நொரிகோ என்னும் பெண் எங்கிருந்தோ தூக்கிவந்த கைக்குழந்தை பசியில் வாடுவதைக் கண்டு, திட்டிக்கொண்டே, தான் பொத்திவைத்திருந்த வெள்ளரிசியைக் கஞ்சி காய்ச்சச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறாள்.

அந்த இடத்தில் அப்பாயி, “நல்ல மனுசி” என்றார். ஆங்கில எழுத்தை அவர் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு மின்சாரமின்றிக் கிடந்த நாட்களில், வாய்க்கால் தகராறில் எங்களோடு பல ஆண்டுகளாகப் பேச்சில்லாமல் இருந்த பங்காளி வீட்டுப் பெரியப்பா, வாடகை ஜெனரேட்டரைத் தாமே தள்ளிவந்து எங்கள் தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பினார். காற்று எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் அடித்தது என்பதை எங்கள் வீட்டில் யாரும் நினைவில் வைத்திருக்கவில்லை; பெரியப்பா வந்தது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. விழுந்த தென்னைகளைக்கூட, இது தாத்தா வைத்தது, அது அத்தை கல்யாணத்தன்று நட்டது என்று ஆளோடு சேர்த்தே எண்ணினோம்.

யமசாகிக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. காட்ஜில்லா திரையில் தோன்றும் நேரம் குறைவு. இடைப்பட்ட நேரத்தில் ஷிகிஷிமா மரப்படகில் கண்ணிவெடி அகற்றப் போய்ச் சம்பாதிக்கிறான், ஓட்டைக் குடிசை மெல்ல வீடாகிறது, தாலி கட்டாத ஒரு குடும்பம் தானாக உருவாகிறது. அகிகோ என்னும் அந்தக் குழந்தை அவனை அப்பா என்று அழைக்க, நான் உன் அப்பா இல்லை என்று அவன் சொல்லும் காட்சி, எந்த வால் வீச்சையும்விட வலிக்கிறது. ஆகவே கின்சா கடைத்தெருவில் காட்ஜில்லா நடக்கும்போது நம் கண் அதன் உயரத்தை அளக்காமல், கூட்டத்துக்குள் நொரிகோவைத் தேடுகிறது. ஆழ்கடல் மீன்கள் செத்து மிதப்பதைக் கண்டு, அது வருகிறது என்று அவன் உணரும் நொடியும் அப்படிப்பட்டதே; கடல் காட்டும் குறியை 2004க்குப் பிறகு நாகப்பட்டினம் கரையில் எவரும் அலட்சியமாகப் பார்ப்பதில்லை.

இது புதிய வழியன்று. 1954இல் இஷிரோ ஹோண்டா எடுத்த முதல் படத்திலும், தன் கண்டுபிடிப்பை வெளியே விடலாமா என்று தவிக்கும் விஞ்ஞானி செரிசாவாவும், அவருக்குக் கொடுத்த வாக்கை மீறி அந்த இரகசியத்தைச் சொல்லிவிடும் எமிகோவும் இல்லையென்றால், மிஞ்சியிருப்பது ரப்பர் உடையும் பொம்மை ஊரும்தான். அதற்கு மாறாக, 2024இல் வந்த காட்ஜில்லா–காங் படத்தைத் தஞ்சாவூர்த் திரையரங்கில் பார்த்துவிட்டு வந்த அக்காள் மகன் எல்லாச் சண்டையையும் வரிசையாகச் சொன்னான். ஒரு மனிதரின் பெயர்கூட அவனுக்கு நினைவில்லை. காது கேளாத சிறுமி ஜியாவுக்கும் அவளை வளர்க்கும் ஆய்வாளருக்கும் இடையே ஒரு நல்ல கதை அதில் இருந்தது. அடுத்த மோதலுக்கு நேரமாகிவிட்டதென்று அதை ஓரங்கட்டிவிட்டார்கள்.

குறைகளும் உண்டு. நொரிகோவின் மனத்துக்குள் படம் போதுமான அளவு நுழையவில்லை. ஷிகிஷிமாவின் குற்றவுணர்ச்சிக்குத் துணைநிற்பதே அவள் வேலையாகிவிடுகிறது. கடைசிச் சில நிமிடங்கள், அதுவரை கறாராக இருந்த கடைக்காரர் திடீரெனக் கடன் முழுவதையும் தள்ளுபடி செய்ததுபோல இருக்கின்றன. அப்பாயிக்கு அது பிடித்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கைப்பேசியில் பார்க்க வேண்டாம்: கடற்காட்சிகள் வீணாகும், வெள்ளை வசன எழுத்தும் அலை நுரையில் கரைந்துவிடும். சிறு பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஓடோ தீவின் முதல் இரவுக்கு மட்டும் அவர்களை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். அரிசி வரும் இடத்துக்குள் கூப்பிட்டுக்கொள்ளலாம்.