டம்மி டக் அறுவைச் சிகிச்சை: 11 மாதங்களுக்குப் பின் என் மதிப்பீடு

இரண்டு சிசேரியன்களுக்குப் பிறகு என் அடிவயிற்றுத் தோல் மடிந்து தொங்கிவிட்டது. இரண்டு ஆண்டுகள் நடையும் உணவுக் கட்டுப்பாடுமாக 14 கிலோ குறைந்த பின்னும் அந்த மடிப்பு போகவில்லை. நடுவயிற்றின் தசைகள் இரு பக்கமும் விலகியிருந்ததால், படுக்கையிலிருந்து எழும்போதெல்லாம் நடுவில் மேடு தட்டும். இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவான பிறகே கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில், தொங்கும் வயிற்றுத் தோலை நீக்கி வயிற்றை இறுக்கும் இந்த டம்மி டக் சிகிச்சையைச் செய்துகொண்டேன்.

அறுவைச் சிகிச்சையில் எனக்குக் குறை இல்லை. ஒரு இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்பு வரை, உள்ளாடைக்குள் மறையும்படி தாழ்வாகக் கீறி, மிகுதித் தோலையும் கொழுப்பையும் நீக்கி, விலகிய தசைகளை இழுத்துத் தைத்து, தொப்புளைப் புதிய துளை வழியே எடுத்துப் பொருத்தினார்கள். காலில் இரத்தம் உறையாமலிருக்க ஊசி போட்டு, அன்று மாலையே கைத்தாங்கலாக நடக்கவும் வைத்தார்கள். கெண்டைக்கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வரவேண்டும் என்று செவிலியர் இருமுறை சொல்லி அனுப்பியதை நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

குறை, வீடு திரும்பிய பிறகு தொடங்கியது. முதல் ஆலோசனையில் மற்றவர்களின் முன்-பின் படங்களைக் காட்டி, பத்து நாளில் அலுவலகம் போகலாம் என்றார்கள். பத்தாம் நாளிலும் நான் கூன் போட்டுத்தான் நடந்தேன். முழங்காலுக்கு அடியில் தலையணை இல்லாமல் படுக்க முடியவில்லை. இருமல் வந்தால் வயிற்றைத் தலையணையால் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆறு வாரம் கனம் தூக்கக்கூடாது என்பது வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில்தான் தெரிந்தது. 11 கிலோ எடையுள்ள என் இளைய மகள் கைநீட்டி அழும்போது தூக்க முடியாமல் நின்ற நாட்களை, முன்கூட்டியே சொல்லியிருந்தால் அம்மாவை வரவழைத்து ஓரளவு சமாளித்திருப்பேன்.

நீர் வடியும் குழாய்கள் இரண்டு இருந்தன. காலையும் மாலையும் குடுவையைக் காலிசெய்து அளவைக் குறிக்கும் முறையை, அவசர அவசரமாக ஒரே முறை என் கணவருக்குக் காட்டினார்கள். குழாய்களை எடுத்த பின், மூன்றாம் வாரத்தில் அடிவயிற்றில் நீர்ப்பை தளும்புவது போல் உணர்ந்தேன். அது ஒரு சனிக்கிழமை மாலை. தந்திருந்த எண்ணை யாரும் எடுக்கவில்லை. திங்கட்கிழமை ஊசியால் நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, இது சீரோமா (அறுவை செய்த இடத்தில் தோலுக்கடியில் நீர் சேர்வது), பலருக்கும் வருவதுதான் என்றார் மருத்துவர். பலருக்கும் வருவதென்றால் அதை முன்பே சொல்லியிருக்க வேண்டாமா? அந்த இரண்டு இரவுகளும் தையல் பிரிந்துவிட்டதென்றே நினைத்து நான் தூங்கவில்லை.

பலனைப் பற்றிக் கவலைப்படும் பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: மூன்றாம் மாதக் கண்ணாடியை நம்பாதீர்கள். காலையில் தட்டையாக இருந்த வயிறு மாலையில் வீங்கி, சுடிதார் இறுக்கும். வயிற்றை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உடையை ஆறு வாரத்திற்குப் பின்னும் அவ்வப்போது அணிந்தேன். ஆறாம் மாதத்தில்தான் உண்மையான வடிவம் தெரிந்தது. தொப்புளுக்குக் கீழே இன்னும் மரத்திருக்கிறது. அந்த இடத்தில் வெந்நீர்ப் பையை வைக்காதீர்கள், சுட்டாலும் தெரியாது. நம் போன்ற மாநிறத் தோலில் தழும்பு தடித்துப்போகும் வாய்ப்பு கூடுதல் என்பதால் சிலிகான் தகடு ஒட்டிவருகிறேன். கருஞ்சிவப்பாக இருந்த கோடு இப்போதுதான் மெல்ல வெளிறுகிறது.

செலவும் பேசப்பட வேண்டியதே. அழகுக்கான சிகிச்சை என்று காப்பீட்டு நிறுவனம் முழுத்தொகையையும் மறுத்தது. தழும்பின் இடது முனையில் தோல் சற்றுத் துருத்தி நிற்பதைச் சரிசெய்வதற்கான கட்டணமும் முதலில் கட்டிய தொகையில் அடங்கவில்லை என்பதை இப்போதுதான் சொல்கிறார்கள். அடுத்த மாதம் அதே மருத்துவரிடமே அதைச் செய்துகொள்ளப் போகிறேன். அவர் கை மீது எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் இம்முறை, வார இறுதியில் அழைத்தால் யார் பேசுவார்கள் என்பதையும், சீரமைப்பின் மொத்தக் கட்டணத்தையும் எழுத்தில் வாங்கிய பிறகே தேதி குறித்தேன்.