டாலஸ் பக்கம் வீட்ல கெகரேட்டர் (டேப் வச்ச பீர் ஃப்ரிட்ஜ்) வச்சிருக்கவங்க, இந்த "லைன் க்ளீனிங்" ஆளுகிட்ட உஷார்

மக்களே, இந்த ஏரியா குரூப்கள்ல "பார், ரெஸ்டாரன்ட், வீடு, எங்க வேணா வந்து டிராஃப்ட் லைன் க்ளீன் பண்ணித் தரோம்"னு ஒருத்தர் விளம்பரம் போட்டுட்டே இருக்காரு. லைன்னா பீப்பால இருந்து டேப்புக்கு பீர் வர்ற ஹோஸ். பேரு இங்க போடல, ஆனா 150 டாலர் வாங்கிட்டு என் வீட்ல என்ன பண்ணாருன்னு சொல்லிடறேன்.

நம்மகிட்ட கேரேஜ்ல ரெண்டு டேப் வச்ச பெட்டி ஒண்ணு இருக்கு. ஒரு டேப்புக்கு கடைல எடுக்கற சின்ன கெக் (பீர் பீப்பா), சிக்ஸ்த் பேரல்னு சொல்லுவாங்களே அது, 5.16 கேலன். இன்னொண்ணுக்கு நானே போடற பீர், கார்னி கெக்ல (வீட்ல பீர் போடறவங்க வச்சிருக்கற ஸ்டீல் கெக்). ஆளுங்க வந்தா மட்டும் தான் ஓடும், மத்த நாள்ல பீர் லைன்லயே நிக்கும். பெட்டி உள்ள 38 டிகிரி ஃபாரன்ஹீட்ல இருந்தாலும் ஃபாசெட் (பீர் ஊத்தற குழாய்) வெளிய டெக்சாஸ் கேரேஜ் சூட்டுல தானே நீட்டிட்டு இருக்கு, அங்க லாக்டோபாசிலஸ், பீடியோகாக்கஸ் மாதிரி கிருமி எல்லாம் ஜாலியா குடும்பம் நடத்தும். அதான் ஆள் கூப்பிட்டேன்.

பில்லுல அழகா எழுதிருந்தாரு: காஸ்டிக் (அரிக்கற கார க்ளீனர்) வாஷ், ஆசிட் வாஷ், ஃபாசெட் கழட்டி ப்ரஷ், கப்ளர் (கெக் வாய்ல லைன மாட்டற பாகம்) கழட்டி க்ளீன். நான் உள்ள ஆபீஸ் கால்ல இருந்தேன். டோர்பெல் கேமரால பாத்தா 4:10க்கு உள்ள வந்தவரு 4:32க்கு வேன் ஏறிட்டாரு. இங்க ப்ரூவர்ஸ் அசோசியேஷன் (பீர் தயாரிக்கறவங்க சங்கம்) போட்ட டிராஃப்ட் மேனுவல்ல பம்ப் வச்சு காஸ்டிக்க சுத்த விட்டா குறைஞ்சது 15 நிமிஷம், பம்ப் இல்லாம ஊற வச்சா 20 நிமிஷம்னு இருக்கு. அப்புறம் தண்ணி விட்டு அலசணும், அப்புறம் ஆசிட், மறுபடி அலசணும், இதுக்கு நடுவுல ரெண்டு ஃபாசெட்டையும் கழட்டி மாட்டணும். 22 நிமிஷத்துல இவ்ளோமா? மந்திரம் போட்டா தான் உண்டு.

அந்த வீக்கெண்டே பீர்ல பாப்கார்ன் வெண்ணெய் வாசனை, பின்னாடியே ஒரு புளிப்பு. போன் பண்ணா "கெக் பழசு சார், பீரே கெட்டுப் போச்சு, வேணும்னா இன்னும் 90 டாலர் குடுங்க லைனையும் மாத்திடறேன்"ங்கறாரு. சரின்னு அதே கார்னி கெக்ல ஒரு புது குட்டி ஹோஸும் பிக்னிக் டேப்பும் (கைல பிடிச்சு அமுக்கற பிளாஸ்டிக் குழாய்) மாட்டி ஒரு கிளாஸ், டேப்ல இருந்து ஒரு கிளாஸ், எது எதுன்னு சொல்லாம வீட்டம்மாகிட்ட குடுத்தேன். ஒரு சிப்ல டேப் கிளாஸ தள்ளி வச்சிட்டா. கெக்ல ஒரு குறையும் இல்லன்னு அங்கயே முடிஞ்சு போச்சு.

அப்புறம் ஸ்பானர் எடுத்து ஃபாசெட்ட கழட்டுனேன் (கழட்டறவங்க கவனிங்க, அந்த ரிங் வலது பக்கம் சுத்துனா தான் லூஸ் ஆகும், வழக்கத்துக்கு நேர் எதிர்). உள்ள ஷாஃப்ட்ட சுத்தி மொட்ட மாடி தண்ணி டேங்க் அடில பிடிச்ச பாசி மாதிரி கருப்பா வழவழன்னு ஒரு படலம், விரல்ல வழிச்சா வருது. ஹோஸ் நுனிய வெட்டிப் பாத்தா உள்ள சொரசொரன்னு பழுப்பா ஒரு பூச்சு, அது பீர் ஸ்டோன், கால்சியம் ஆக்சலேட், ஆசிட்டுக்கு தான் கரையும். அதாவது ஆசிட் அந்தப் பக்கமே வரல. துணி துவைக்கப் போடற ப்ளீச் வாசனை வேற அங்க. ப்ளீச் மேல ஆசிட் பட்டா க்ளோரின் கேஸ் வரும், அதனால பில்லுல போட்டத நிஜமாவே செஞ்சிருந்தா இன்னும் மோசமாகிருக்கும், அந்த வகையில ஏமாத்துனதுக்கு தேங்க்ஸ்.

போட்டோ, கேமரா டைம், பில் மூணையும் கார்ட் கம்பெனிக்கு அனுப்பி டிஸ்ப்யூட் போட்டேன், காசு திரும்பி வந்துடுச்சு.

இப்ப நானே தான் பாத்துக்கறேன். ஆளுங்க போனதும் ஃபாசெட் வாய்ல வெந்நி அடிச்சு மூடி போட்டுடுவேன். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ காஸ்டிக் லைன் க்ளீனர், கண்ணுக்கு கண்ணாடி கைக்கு கிளவுஸ் இல்லாம தொடறதில்ல. மூணு மாசத்துக்கு ஒரு தடவ ஆசிட். கெக் காலியாகி அடுத்தது உடனே வரலன்னா லைன கழுவி காய வச்சிடறது, பீரோட நிறுத்தறதே இல்ல. ஸ்டார் சான் மட்டும் விட்டா போதும்னு சில பேர் சொல்றாங்க, அது சானிடைசர்ங்க, அழுக்க எடுக்காது, கழுவின அப்புறம் விடறது அது. வினைல் ஹோஸ் வருஷம் ஒரு தடவ மாத்திடுங்க, விலை ஒண்ணும் பெருசில்ல.

ஆள் வச்சு தான் செய்யணும்னா பக்கத்துலயே நில்லுங்க. பைல ஸ்பானர் இருக்கா, எந்த கெமிக்கல், பாட்டில காட்டுன்னு கேளுங்க. கடைசியா அலசின தண்ணில பிஎச் ஸ்ட்ரிப்ப (ஆசிடா காஸ்டிக்கான்னு கலர்ல காட்டற பேப்பர்) நனைச்சு உங்க குழாத் தண்ணியோட வச்சுப் பாருங்க, ரெண்டும் ஒரே கலர் வந்தா தான் காசு. விரல்ல வழுக்குனா காஸ்டிக் இன்னும் உள்ள இருக்குன்னு அர்த்தம், குடிச்சா வாய் வெந்துடும். நம்மாளு போன வாரம் வேற போட்டோ போட்டு திரும்ப விளம்பரம் விட்டிருக்காரு, ஆனா அதே 150 டாலர் பேக்கேஜ், அதே நாலு வரி தான்.